பிறர் படைப்பைச் சுமந்த கைகள்: கிளாரா சூமன்

(பள்ளிப்பட்டில் இலக்கிய வட்டத்தின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

பள்ளிப்பட்டு இருமொழி வழங்கும் எல்லையூர். 1960-இல் தமிழகத்தோடு இணைந்த பகுதியைச் சார்ந்தது. வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியுமாகப் பேசிப் பழகிய மக்களுக்கு, இசை ஒரு மொழியினர்க்கு மட்டும் உரியதன்று என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தம்முடையனவாகவே கேட்டு வளர்ந்த செவிகளுக்கு, கடல் கடந்த நாட்டுக் கலைஞர் ஒருவரின் வரலாறும் அயன்மையாகத் தோன்றாது.

இப்பகுதியை வாழ்விக்கும் தொழில்களுள் நெசவும் ஒன்று. தறியில் அமர்ந்தவரின் கைகளும் கால்களும் ஒரே வேளையில் வெவ்வேறு வேலை செய்கின்றன. ஓர் இழை அறுந்தாலும் கை நின்றுவிடுகிறது. கண் அதனைத் தேடுகிறது. ஆனால், நெய்து முடித்த சேலையில் நெய்தவர் பெயர் இராது. உடுத்துபவர் நிறத்தைப் புகழ்வார்; கரையைப் புகழ்வார்; நெய்த கையை நினைப்பவர் மிகச் சிலரே.

இன்றைய பொழிவு அத்தகைய இரு கைகளைப் பற்றியது. செருமானிய நாட்டில் 1819-ஆம் ஆண்டு பிறந்து 1896-இல் மறைந்த பியானோக் கலைஞர் கிளாரா சூமன் அம்மையாரின் கைகள் அவை. ஒன்பதாம் வயதில் மேடையேறிய அவர், எழுபத்தொன்றாம் வயது வரை இசைத்தார். 1,300-க்கும் மேற்பட்ட அவருடைய இசைநிகழ்ச்சி நிரல்கள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. ஆயினும் அவர் இசைத்த ஒலியில் ஒரு நொடியேனும் இன்று எவருக்கும் கேட்கக் கிடைக்காது. இசைத்தட்டில் அவர் இசை பதிவாகவில்லை. ஒலி மறைந்தபின் ஓர் இசைஞரிடம் எஞ்சி நிற்பது யாது? பிறர் படைப்புக்கு உயிர் கொடுப்பதில் ஒரு வாழ்வைச் செலவிடுவது உயர்வா, இழப்பா? இவ்விரு வினாக்களுக்கும் அவர் வாழ்வே விடை.

கருவியும் கல்வியும்

பியானோவின் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டால் அவருடைய அருமை விளங்கும். அக்கருவியில் ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு கட்டை உண்டு. கட்டையை அழுத்தினால், உள்ளே மெத்தென்ற உறை போர்த்திய சிறு சுத்தியல் ஒன்று எழுந்து, இழுத்துக் கட்டிய கம்பியில் மோதித் திரும்பும். மோதிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். வீணையிற்போலக் கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்க அதில் வழியில்லை. நாகசுரத்திற்போல மூச்சினால் ஒலியை வளர்க்கவும் வழியில்லை. தேய்ந்துகொண்டே செல்லும் ஒலிகளை ஒன்றோடொன்று இசைவாகக் கோத்து, கருவி பாடுகின்றது என்று கேட்போர் எண்ணுமாறு செய்வதே அக்கலையின் நுட்பம்.

இந்நுட்பத்தைக் கிளாராவுக்குக் கற்பித்தவர் அவர் தந்தை பிரிட்ரிக் வீக். லைப்சிக் நகரில் பியானோ கற்பித்தும், பியானோக்களை விற்றும் வாழ்ந்தவர் அவர். தாய் மரியானே பாடகியாகவும் பியானோக் கலைஞராகவும் விளங்கியவர். பெற்றோரிடையே ஒற்றுமை இல்லை. 1825-இல் மணவிலக்கு ஏற்பட்டது. அக்காலச் சாக்சனி நாட்டுச் சட்டப்படி குழந்தைகள் தந்தையின் உரிமை. ஆகவே ஐந்து வயதுச் சிறுமி தாயைப் பிரிந்து தந்தையிடம் வந்து சேர்ந்தாள். நான்கு வயது கடந்தும் அக்குழந்தை பேசவில்லை. காது கேளாத குழந்தையோ என வீட்டார் ஐயுற்றனர். பேச்சு வருமுன் இசை வந்தது எனலாம்.

வீக் கண்டிப்பு மிக்கவர். ஆனால் அறிவார்ந்த ஆசிரியர். விரல் வேகத்தைக் காட்டி வியக்கச் செய்வதை அவர் விரும்பவில்லை. மணிக்கட்டு இறுகாமல், தொடுகை மென்மையாக, ஒலி பாடுவதாக இருக்க வேண்டும் என்றார். பயிற்சிக்கு அளவு வைத்தார். நாள்தோறும் மகளை நெடுந்தூரம் நடத்திச் சென்றார். 1827-இல் மகளின் பெயரில் ஒரு நாட்குறிப்பையும் தொடங்கினார். அதில் தம் கையாலேயே, மகளே எழுதுவதுபோலத் தன்மையிடத்தில் எழுதிவந்தார். ஒரு சிறுமியின் நாட்குறிப்பில்கூட அவளுடைய குரலுக்கு இடமில்லாதிருந்தது. பின்னர்க் கிளாரா தம் குரலுக்காக எத்துணை போராட வேண்டியிருந்தது என்பதற்கு இச்சிறு செய்தியே முன்னுரையாக அமைகின்றது.

1828-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் அவர் முதன்முதல் இசைத்தார். 1830 நவம்பரில், பதினொன்றாம் வயதில், அங்கேயே தம் பெயரால் தனி நிகழ்ச்சி அளித்தார். பதின்மூன்றாம் வயதில் எழுதத் தொடங்கிய பியானோக் கன்செர்ட்டோ ஒன்றை, 1835-இல் மெண்டல்சோன் இசைக்குழுவை நடத்த, தாமே அரங்கேற்றினார். 1838-இல் ஆஸ்திரியப் பேரரசின் தலைநகரான வியன்னா அவரை அரசவைக் கலைஞர் என்று சிறப்பித்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பெரும் நாடகாசிரியர் கிரில்பார்ட்சர், அவர் பீத்தோவனை இசைத்த திறத்தை வியந்து ஒரு கவிதை எழுதினார்.

வழக்குமன்றம் தந்த மணம்

தந்தையிடம் பயில 1830-இல் வந்து, அவ்வீட்டிலேயே தங்கிய இளைஞர் ராபர்ட் சூமன். பியானோக் கலைஞராக வேண்டும் என்பதே அவர் கனவு. வலக்கை விரலில் ஏற்பட்ட ஊறு அக்கனவைக் கலைத்தது. அதன்பின் அவர் படைப்பாளராகவும் இசைத் திறனாய்வாளராகவும் வளர்ந்தார். கைகளை இழந்தவர் படைக்க, கைகள் உடையவர் இசைக்க, இருவர் வாழ்வும் ஒன்றாயிற்று.

1837-இல் இருவரும் மணம் செய்துகொள்ள உறுதி பூண்டனர். தந்தை மறுத்தார். இளைஞருக்கு நிலையான வருவாய் இல்லை என்பது அவர் கூறிய காரணம். அரும்பாடுபட்டு உருவாக்கிய கலைச்செல்வத்தைப் பிறரிடம் விட மனம் இல்லை என்பது கூறாத காரணமாக இருக்கலாம். 1839-இல் வழக்கு மன்றத்துக்குச் சென்றது. பெற்ற தந்தையை எதிர்த்து மகள் மன்றம் ஏறினாள். ராபர்ட் குடிப்பழக்கத்திற்கு அடிமை என்று குற்றம் சாட்டிய வீக்கால் அதனை மெய்ப்பிக்க இயலவில்லை. 1840 ஆகஸ்டில் இசைவு கிடைத்தது. செப்டம்பர் 12-ஆம் நாள் திருமணம் நடந்தது. மறுநாள் கிளாராவுக்கு இருபத்தொரு வயது நிறைந்தது. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால்... என்று எண்ணத் தோன்றும். அந்த ஒரு நாள், தம் முடிவு தம்முடையதே என்று உலகிற்கு அறிவிக்கும் நாளாக அவர்க்கு இருந்திருக்க வேண்டும்.

ஒரு வீடு, இரு பியானோ

மணவாழ்வில் அன்புக்குக் குறைவில்லை. இருவரும் சேர்ந்து ஒரே நாட்குறிப்பை எழுதினர். பாக், பீத்தோவன் ஆகியோரின் படைப்புகளைச் சேர்ந்தமர்ந்து பயின்றனர். ஆனால் வீட்டின் சுவர்கள் மெல்லியவை. கணவர் இசை எழுதும் வேளையில் மனைவி பயிற்சி செய்தல் இயலாது. பியானோவின் மூடி திறவாத நாள்கள் பல கழிந்தன. தம் கைத்திறன் குறைகிறதே என்று அவர் நாட்குறிப்பில் வருந்தினார்.

1841-க்கும் 1854-க்கும் இடையே எட்டுக் குழந்தைகள் பிறந்தன. அவர்களுள் ஒரு மகன் ஒன்றரை வயதுக்குள் இறந்தான். இவற்றினிடையே 1844-இல் உருசிய நாட்டுப் பயணம், ஊர்தோறும் நிகழ்ச்சிகள். குடும்பத்தின் தேவைகளுக்கு அவர் கைகள் ஈட்டிய பொருள் பெரிதும் துணைநின்றது. 1849 மே மாதம் டிரெஸ்டன் நகரில் கிளர்ச்சி மூண்டபோது, ராபர்ட்டையும் மூத்த மகளையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார். எஞ்சிய குழந்தைகளை மீட்க, நிறைசூலியாகத் தாமே போராட்டக் களமாகிய நகருக்குள் இரவில் திரும்பிச் சென்று, அவர்களை அழைத்து வந்தார்.

இத்தகைய சூழலிலும் அவர் இசை படைத்தார். 1846-இல் எழுதிய பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்று கருவிகளுக்கான ‘ட்ரியோ’ அவர் படைப்புகளுள் சிறந்தது என்பர். எனினும் தம் படைப்பாற்றலில் அவர்க்கு நம்பிக்கை இல்லை. பெண்ணொருத்தி இசை படைக்க விழையலாகாது. இதுவரை எவளாலும் ஆகாதது தம்மால் மட்டும் எவ்வாறு ஆகும் என்று இருபதாம் வயதில் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் அவர். அதனை அவர் உள்ளத்தின் தாழ்மை என்று மட்டும் கொள்வது பிழை. எடுத்துக்காட்டாக ஒரு முன்னோடியின் பெயரைச் சொல்ல இயலாத சூழல் எழுதுவித்த சொற்கள் அவை.

இதற்கு வலுவான சான்று ஒன்றுண்டு. டியூசல்டார்ஃப் நகரில் அவர்கள் குடியேறிய ஒரு வீட்டில், கணவருக்கு இடையூறின்றிப் பயிற்சி செய்யத்தக்க தனியறை கிளாராவுக்கு வாய்த்தது. அதன் பயன் உடனே தெரிந்தது. 1853-ஆம் ஆண்டுக் கோடையில் சில வாரங்களுக்குள், ராபர்ட்டின் கருப்பொருள் ஒன்றன்மீது அமைந்த வேறுபாட்டு வடிவங்கள், பியானோவுக்கும் வயலினுக்குமான சிறு இசைக்கோவைகள், பாடல்கள் என எண் 20 முதல் 23 வரையிலான படைப்புகள் தொடர்ந்து வெளிவந்தன. திறமை இல்லாதிருந்ததில்லை, இல்லாதிருந்தது ஓர் அறை. ஆனால் அந்த ஊற்று அவ்வாண்டோடு வற்றியது. அதன்பின் அவர் வாழ்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில், குறிப்பிடத்தக்க புதிய படைப்பென்று ஏறத்தாழ எதுவும் இல்லை.

இழப்பின் நடுவே

1854 பிப்ரவரி 27. மனநோயுற்றிருந்த ராபர்ட், ரைன் ஆற்றில் குதித்தார், காப்பாற்றப்பட்டார். பின்னர், பான் நகருக்கு அருகிலுள்ள எண்டெனிக் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கணவரைக் காண மருத்துவர்கள் மனைவியை விடவில்லை. இரண்டாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த கிளாரா, 1856 சூலை 27-இல்தான் அவரைக் கண்டார். இரு நாளில் ராபர்ட் மறைந்தார்.

அப்போது கிளாராவின் வயது முப்பத்தாறு. வளர்க்க வேண்டிய குழந்தைகள் எழுவர். கடைக்குட்டி தந்தையைக் கண்டதே இல்லை. அந்நெருக்கடியில் துணைநின்றவர் இளைஞர் பிராம்ஸ். 1853-இல் அறிமுகமாகி, சூமன் தம்பதியரின் பேரன்பைப் பெற்ற அவர், கிளாரா வெளியூர் சென்ற நாள்களில் குழந்தைகளைக் கவனித்தார். வீட்டு வரவு செலவுக் கணக்கையும் எழுதினார். நாற்பதாண்டு நீடித்த அந்நட்பைப் பற்றி ஊகங்களை எழுதிக் குவித்தோர் பலர். அவற்றை விடுத்து, தம் புதிய படைப்புகளைப் பலகாலும் பிராம்ஸ் முதலில் காட்டியது கிளாராவிடமே என்பதையும், அவர் தயங்காது குறை கூறினார் என்பதையும் நினைத்தலே தகும்.

கிளாரா மீண்டும் பயணப்பட்டார். செருமானிய நகரங்கள், ஆஸ்திரியா, ஆலந்து, 1856 முதல் பலமுறை இங்கிலாந்து. பிள்ளைகள் உறவினரிடமும் விடுதிப் பள்ளிகளிலும் சிதறி வளர்ந்தனர். தாய் அருகில் இல்லாத ஏக்கம் அவர்களுக்கு இருந்தது. தாய் ஈட்டாவிடில் உணவே இல்லை என்பதும் உண்மை. இவ்விரண்டில் எதையும் மறைத்துப் பேசுதல் அவர்க்குச் செய்யும் பெருமையாகாது. 1872-இல் மகள் யூலி மறைந்தார். மகன் லூத்விக் மனநோய் விடுதியில் அடைபட்டார். 1879-இல் கடைசி மகன் பெலிக்ஸ் காசநோய்க்கு இரையானார். 1891-இல் பெர்டினாண்டும் மறைய, அவருடைய பிள்ளைகளைப் பேணும் பொறுப்பும் பாட்டியின் தலையில் விழுந்தது. அவரோ கைவலியால் 1870-களில் நெடுநாள் மேடையை விட்டு விலகியிருக்க நேர்ந்தது. முதுமையில் செவித்திறனும் குறைந்தது. ஆயினும் இயன்ற வரையில் இசைத்துக்கொண்டே இருந்தார்.

மேடையை மாற்றியவர்

கிளாரா இளமையில் கண்ட மேடை வேறு. மக்கள் விரும்பிய இசைநாடக மெட்டுகளை எடுத்துக்கொண்டு விரல் விந்தை காட்டுவதே அன்று பியானோக் கலைஞரின் பெருமை. கிளாராவும் தொடக்கத்தில் அவ்வாறு இசைத்தவரே. ஆனால் நாளடைவில் பாக், பீத்தோவன், சோப்பின், சூமன், பிராம்ஸ் ஆகியோரின் படைப்புகளை நிரலின் நடுவில் வைத்தார். படைப்பைக் காட்டுவதற்கே கலைஞர். கலைஞரைக் காட்டுவதற்குப் படைப்பன்று என்பது அவர் கொள்கை. தாளைப் பாராமல் மனப்பாடமாக இசைத்தலும் அவரைப் போன்றோரால் வழக்கத்திற்கு வந்ததே. 1837-இல் பெர்லினில் அவ்வாறு இசைத்தபோது, அது செருக்கு என்று எழுத்தாளர் பெட்டினா பான் ஆர்னிம் கடிந்துகொண்டார். இன்று மேடையில் தாளை வைத்துக்கொள்வோரையே உலகம் வியப்பாகப் பார்க்கின்றது. தமிழகத்தில் கச்சேரிக்கு ஒரு முறையான வரிசையை அரியக்குடி இராமாநுச ஐயங்கார் நிலைபெறச் செய்ததை ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம். கேட்போரின் சுவையைப் பின்பற்றாமல் அதனை உருவாக்கிய கலைஞர்கள் இவர்கள்.

ராபர்ட்டின் பியானோக் கன்செர்ட்டோவை 1845-இல் டிரெஸ்டனில் முதன்முதல் இசைத்தவர் கிளாரா. வியன்னாவில் 1847-இல் ராபர்ட்டின் இசைக்கு வரவேற்பு இல்லை. அவர் சோர்ந்தார், கிளாரா விடவில்லை. கணவர் மறைந்தபின்னும் நாடு நாடாகச் சென்று அவ்விசையைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தார். 1881 முதல் 1893 வரை அவருடைய படைப்புகள் அனைத்தையும் தொகுதிகளாகப் பதிப்பித்தார். சூமன் என்ற பெயர் உலகில் நிலைத்தமைக்கு அக்கைகள் பெரும் காரணம். அதே கைகள் ஒரு பிழையும் செய்தன. தகுதி குறைந்தது எனக் கருதி, ராபர்ட் செல்லோவுக்காக எழுதிய சில இசைக்கோவைகளை முதுமையில் எரித்துவிட்டார். காப்பவரே அழிப்பவராகவும் ஆதல் பதிப்புலகின் பெரிய இடர். ஏட்டுச்சுவடிகள் அழிந்த கதைகளைக் கேட்ட தமிழர்க்கு அவ்விழப்பின் அளவு தெரியும்.

1878-இல் பிராங்க்ஃபர்ட் நகரின் ஹோக் இசைக்கல்லூரியில் ஆசிரியரானார். 1892 வரை அங்குக் கற்பித்தார். பல நாடுகளிலிருந்து மாணவர் வந்தனர். அவர்களுள் பேனி டேவிஸ், அடெலினா டி லாரா போன்றோர் இசைத்தட்டுக் காலம் வரை வாழ்ந்தனர். அவர்கள் இசைத்தது தட்டுகளில் பதிவாயிற்று. அவற்றில் கேட்கும் அவசரமின்மையும் பாடும் தொடுகையும் ஆசிரியரின் நிழல் என்பர் அறிந்தோர். 1891 மார்ச்சு 12-இல் கிளாரா கடைசியாகப் பொதுமேடையில் இசைத்தார். 1896 மே 20-இல் மறைந்து, பான் நகரில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

இரு பெண்மணிகள்

இவ்வரலாற்றைக் கேட்கும் தமிழர்க்கு வீணை தனம்மாள் நினைவு வருதல் இயல்பு. 1867-இல் சென்னையில் பிறந்து 1938-இல் மறைந்தவர் அவர். பாட்டியும் தாயும் கலை வல்லவர்களாக விளங்கிய மரபில் வந்தவர். அவருடைய சார்ச் டவுன் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நிகழ்ந்த வீணையிசையைக் கேட்கப் பெரும் வித்துவான்களும் அமைதியாக வந்தமர்ந்தனர். ஆரவாரமின்மையே அவர் இசையின் அழகு. முத்துத்தாண்டவரும் சேத்திரையரும் போன்றோர் பாடிவைத்தவற்றைத் தம் விரலிலும் குரலிலும் காத்தார். வறுமை அவரை வருத்தியது, இசையைக் குறைக்கவில்லை. பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் பாட்டில் அவ்வழியைத் தொடர்ந்தனர். பாலசரசுவதி நடனத்தில் அதனை உலகறியச் செய்தார். 1930-களில் பதிவான சில இசைத்தட்டுகளும் உண்டு என்பது தமிழகத்தின் நற்பேறு.

இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஒருவருக்கு மேடை ஐரோப்பா முழுவதும். மற்றவர்க்கு ஓர் இல்லத்தின் கூடம். ஆயினும் இருவரும் செய்த வேலை ஒன்றே. பிறர் படைத்ததைத் தம் உயிரால் காத்து, பிழையின்றி அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்தனர். அவ்வொப்படைப்பே ஒலி மறைந்தபின் எஞ்சி நிற்பது. முதல் வினாவுக்கு விடை இதுவாகும்.

இரண்டாம் வினாவுக்கு விடை அத்துணை எளிதன்று. கிளாரா இசைத்தது உயர்வு. அவர் படைக்காமற் போனது இழப்பு. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்துவிட்டது என்று சொல்லி அமைதியடைதல் நேர்மையாகாது. செருமானிய அரசு 1990-களில் வெளியிட்ட நூறு மார்க்குத் தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. யூரோ வந்தபின் 2002-இல் அத்தாளும் வழக்கொழிந்தது. அதனினும் பெரிய சிறப்பு, நெடுங்காலம் மறந்துகிடந்த அவருடைய ட்ரியோவும் கன்செர்ட்டோவும் இன்று மேடைகளில் மீண்டும் ஒலிப்பதே. வாழ்நாளெல்லாம் பிறர் படைப்பைச் சுமந்தவரின் படைப்பை இப்போது பிறர் கைகள் சுமக்கின்றன.

அன்பர்களே, பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டமொன்றில் இதைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. வட்டத்திற்கு வருவோர் எல்லோரும் நூல் எழுதுவோர் அல்லர். பெரும்பாலோர் பிறர் எழுதியதைப் படித்து, வாய்விட்டுச் சொல்லி, கேட்போர் உள்ளத்தில் இருத்துபவர்கள். அவர்கள் இல்லையேல் நூல்கள் அலமாரியில் உறங்கும். அப்பணி குறைந்ததன்று என்பதற்குக் கிளாரா சான்று. அதேவேளை, அவையின் ஓரத்தில் அமர்ந்து, தாம் எழுதியதை எடுத்து வாசிக்கத் தயங்கும் இளம்பெண் ஒருத்தி இருப்பாளாயின், அவளுக்கு ஓர் அறையும், சிறிது அமைதியும், ‘வாசி அம்மா’ என்னும் ஒரு சொல்லும் கிடைக்க வேண்டும். அதற்கும் கிளாராவே சான்று.